முபாரக்கைக் கவிழ்த்தது ஃபேஸ்புக் அல்ல

"ஃபேஸ்புக் இல்லையென்றால் எகிப்தில் அதிபர் முபாரக் விழுந்திருக்கவே மாட்டார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தேதிகளைப் பார்த்தாலே இது இடிக்கிறது.

2011 ஜனவரி 25 போராட்டத்துக்கு ஆள் திரட்டியதில் ஃபேஸ்புக்குக்குப் பங்கு உண்டு. முந்தைய ஆண்டு அலெக்சாந்திரியாவில் போலீசார் அடித்துக் கொன்ற காலித் சயீத் பெயரிலான பக்கம்தான் அழைப்பு விடுத்தது. சரி. ஆனால் 27 நள்ளிரவு தாண்டியதும் அரசு நாடு முழுக்க இணையத்தைத் துண்டித்துவிட்டது. 28 காலையில் செல்போனும் போச்சு. அந்த வெள்ளிக்கிழமைதான் தொழுகை முடிந்து மசூதிகளிலிருந்து கூட்டம் கூட்டமாக வெளியே வந்த மக்கள் போலீசைப் பின்வாங்க வைத்தார்கள். ஆளுங்கட்சித் தலைமையகம் எரிந்தது. ராணுவம் தெருவில் இறங்கியது. இணையம் திரும்ப வந்தது பிப்ரவரி 2-ல்தான்!

அப்புறம் கடைசி வாரத்து வேலைநிறுத்தங்களை ஏன் எல்லாரும் மறந்துவிடுகிறோம்? சூயஸ் கால்வாய் நிறுவனங்கள், மஹல்லா நெசவாலை, கெய்ரோ பேருந்து ஊழியர்கள் என்று வரிசையாக வேலையை நிறுத்தினார்கள். அதன் பிறகே ராணுவத் தளபதிகள் முபாரக்கைக் கைவிட்டு, பிப்ரவரி 11-ஆம் தேதி அதிகாரத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

நானும் அப்போது அல் ஜசீரா நேரலையைத் தூங்காமல் பார்த்தவன்தான். தொலைவிலிருந்த நமக்குத் தெரிந்தது கெய்ரோவில் போராட்டக்காரர்கள் கூடிய தஹ்ரீர் சதுக்கமும் ஆங்கிலத்தில் ட்வீட் போட்டவர்களும்தான். முதல் உயிர் போன சூயஸ் நகரம் அந்தத் திரையில் அவ்வளவாக வரவில்லை.