'கார்டன் ஸ்டேட்': 1954 சட்டம் குறித்து ஒரு திருத்தம்

அமெரிக்க மாநிலமான நியூஜெர்சியின் 'கார்டன் ஸ்டேட்' (தோட்ட மாநிலம்) என்ற பட்டப்பெயரை 1954-இல் ஆளுநர் ராபர்ட் மெய்னர் கையெழுத்திட்டு அதிகாரபூர்வமாக்கினார் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருப்பது, நடந்ததற்கு நேர்மாறானது. அவ்வாண்டு சட்டமன்றம் நிறைவேற்றியது, அப்பெயரை வாகன நம்பர் பிளேட்டுகளில் பொறிக்க வேண்டும் என்ற மசோதாவைத்தான். கையெழுத்திடும் முன் பெயரின் பூர்வீகத்தை விசாரித்த மெய்னர், அதற்கு அதுவரை அதிகாரபூர்வ அங்கீகாரம் எதுவும் இல்லை என்றும், மற்ற தொழில்களை விடத் தோட்டமும் வேளாண்மையுமே தம் மாநிலத்தின் தனி அடையாளம் என்று சராசரிக் குடிமகன் கருதுவதாகத் தாம் நம்பவில்லை என்றும் காரணம் காட்டி, மசோதாவை வீட்டோ செய்தார், அதாவது ஒப்புதல் தர மறுத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். ஆனால் சட்டமன்றம் அந்த வீட்டோவை முறியடித்து மசோதாவைச் சட்டமாக்கியதால்தான், இன்றும் அங்குள்ள கார்களின் பிளேட்டில், எண்ணுக்குக் கீழே அந்தச் சொற்கள் இருக்கின்றன.

நம்பர் பிளேட்டில் ஏறிவிட்டாலே அது சட்டப்படியான பட்டப்பெயர் ஆகிவிடும் என்று இன்னொருவர் வாதிடுவதும் பொருந்தாது. புளோரிடாவின் பிளேட்டுகளில் 'சன்ஷைன் ஸ்டேட்' 1949 முதலே இடம்பெற்றிருந்தும், அம்மாநிலச் சட்டமன்றம் அதை அதிகாரபூர்வப் பட்டப்பெயராக ஏற்றுக்கொண்டது 1970-இல்தான்.