'தரைமேல் பிறக்க வைத்தான்' யார் எழுதியது?

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பாம்பன் கரையில் உட்கார்ந்து 'தரைமேல் பிறக்க வைத்தான்' பாட்டை எழுதினார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு. 1964இல் வந்த 'படகோட்டி' படப் பாட்டு அது. எழுதியவர் வாலி, அந்தப் படத்தின் எல்லாப் பாட்டுகளும் அவருடையவைதான். பட்டுக்கோட்டையார் 1959 அக்டோபரிலேயே, 29 வயதில் காலமாகிவிட்டார்.

பாட்டாளியின் வலியைச் சொன்னால் அது பட்டுக்கோட்டையார் பாட்டுதான் என்று நம் மனசு முடிவு கட்டிவிடுகிறது. அது அவர் சம்பாதித்த பெயர். தங்கச்சிமடத்தில் கிழிந்த வலையை மடியில் போட்டு, கால் பெருவிரலில் நூலை இழுத்துப் பிடித்தபடி பெரியவர்கள் இந்தப் பாட்டை முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு இது சொந்தப் பாட்டு. அதற்காக வாலியின் பெயரை அழித்துவிடலாமா? சரி, பகிர்ந்தவர்கள் பெயரைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள்.