கைப்பையைத் தாண்டியும் கனி இருக்கிறார்

நடிகை கனி குஸ்ருதியைப் பற்றிய உங்கள் கட்டுரை, 2024 கான் திரைப்பட விழாவில் அவர் ஏந்திவந்த தர்பூசணி வடிவக் கைப்பையைப் பற்றியே முக்கால்வாசி பேசுகிறது. பாலஸ்தீனத்துக்கு ஆதரவாக அதை உயர்த்திப் பிடித்தது துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய நடிப்பைப் பற்றியும் நாலு வரி எழுதியிருக்கலாம். அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் அவர் நடித்த ஒரு படம், மே மாதம் கானில் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’. இரண்டுமே விருது வாங்கின. 30 ஆண்டுகளுக்குப் பிறகு கானின் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்த இந்தியப் படம் அது. விழாவின் இரண்டாவது உயரிய விருதான கிராண்ட் ப்ரீயும் கிடைத்தது. அந்தப் படத்தில், ஜெர்மனியில் இருக்கும் கணவர் அனுப்பியிருப்பார் என்று நினைக்கும் ரைஸ் குக்கரை ராத்திரியில் தரையில் உட்கார்ந்து கட்டிக்கொள்வாரே, வசனமே கிடையாது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இந்த மாதிரி நடிப்புக்குத்தான் அந்த அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது, அதை எழுதுங்கள்.