அது பேய்ப் படம் இல்லைங்க

சனிக்கிழமை பிள்ளைகளுக்கு 'எ மான்ஸ்டர் கால்ஸ்' படம் போட்டுக் காட்டினோம். அங்கே நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்த குரல் பதிவைக் கேட்ட பிறகு முடியவில்லை. பேய்ப் படமாம், சாவு வீட்டுக் கதையாம், பிள்ளைகள் மனசைக் கெடுக்கிறோமாம். பாதியிலேயே மகனை இழுத்துக்கொண்டு கிளம்பியவர் சொல்கிறார்.

'எ மான்ஸ்டர் கால்ஸ்' பேய்ப் படம் இல்லை. கானர் என்ற பையனின் அம்மாவுக்குப் புற்றுநோய். இரவு 12:07க்கு ஒரு யூ மரம் பூதமாக எழுந்து வருகிறது. மூன்று கதை நான் சொல்வேன், நாலாவது நீ சொல்லணும், அது உண்மையாக இருக்கணும் என்கிறது. அந்த நாலாவது கதைதான் படமே. அதற்குள் நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள்.

அம்மா பிழைக்க மாட்டாள் என்று அவனுக்கு எப்போதோ தெரியும். இந்த வேதனை முடிந்தால் போதும் என்று மனசுக்குள் நினைத்தும்விட்டான். அந்தக் குற்ற உணர்ச்சிதான் அவனைத் தின்கிறது. பூதம் வந்தது அம்மாவைக் குணப்படுத்த இல்லை, அவனைக் குணப்படுத்த. இதில் மனசு கெட என்ன இருக்கிறது? இந்தக் கதையை முதலில் யோசித்த ஷிவோன் டவுட் மார்பகப் புற்றுநோயால் 2007இல் இறந்தார். அவர் எழுதாமல் விட்டதைத்தான் பேட்ரிக் நெஸ் 2011இல் நாவலாக்கினார், 2016இல் பயோனா படமாக்கினார். சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் பிள்ளைகளுக்காக யோசித்த கதை இது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? அப்பா இறந்தபோது நான் தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பு. ராத்திரி முழுக்க அவர் முனகுவது பக்கத்து அறைக்குக் கேட்கும். இது நின்றால் போதும் சாமி என்று தலையணையில் முகத்தைப் புதைத்து வேண்டியிருக்கிறேன். நின்றது. புளோக்குக்குக் கீழே பந்தல் போட்டார்கள். வந்தவர்களுக்குப் பாக்கெட் தண்ணீர் கொடுக்கும் வேலை எனக்கு. ஸ்ட்ராவைக் குத்திக் குத்திக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். "நீ அழக்கூடாது, தம்பி பயந்துடுவான்" என்றார் பெரியம்மா. மண்டாய் தகனச்சாலையிலிருந்து திரும்பிய பிறகு அதைப் பற்றி வீட்டில் ஒருத்தரும் பேசவில்லை. நான் வேண்டியதால்தான் அப்பா போய்விட்டார் என்று எத்தனையோ வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது இந்தப் படத்தை யாராவது காட்டியிருந்தால்!

சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்கிறீர்கள். சரி, சிலர் பயப்படலாம். அதனால்தான் பெற்றோரையும் கூடவே உட்காரச் சொன்னோம். வெள்ளைக்காரன் கதை நமக்கு எதற்கு என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நம் பாட்டிமார் பிள்ளைகளைச் சுற்றி வைத்துக்கொண்டுதானே மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள்? போனவரிடம் நேராகவே பேசினார்கள், கோபித்துக்கொண்டார்கள், என்னை விட்டுப் போனாயே என்று திட்டினார்கள். யாரும் அபசகுனம் என்று பிள்ளைகளை மேல்மாடிக்கு அனுப்பவில்லை. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம், அண்டைவீட்டார் இறந்தவர்களுக்காகக் கீழே வைக்கும் படையலை மிதிக்காமல் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறோம். அது யாருக்கு என்று அவன் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறோம்.

ஒன்று மட்டும் குரல் பதிவு போட்ட அந்த அண்ணனிடம் சொல்லணும். உங்கள் தாயார் போய் இன்னும் வருடம் திரும்பவில்லை. உங்கள் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் உங்கள் மகனும் பாட்டியை இழந்தவன்தான். வெளியே போகும்போது அவன் அழவில்லை, திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். என்ன நினைக்கிறான் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நாவல் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன், உள்பெட்டியில் சொல்லுங்கள்.