காப்பீட்டுத் தொகையைக் குறைப்பது பேரம் ஆகாது
பிரிட்டனில் வாடகைக்கு விட்ட வீட்டின் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது, "காப்பீட்டுத் தொகையை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், பிரீமியம் தானாக இறங்கும், சின்னச் சேதத்துக்கு முழுப் பணமும் வரும்" என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். பிரீமியம் இறங்கலாம் என்பது சரி. முழுப் பணமும் வரும் என்று நம்புவது ஆபத்து.

வீட்டைத் திரும்பக் கட்ட 3,00,000 பவுண்டு ஆகும், நீங்கள் காப்பீட்டுத் தொகையாக எழுதியது 2,00,000 என்றால், பாலிசியில் 'ஆவரேஜ்' விதி (குறைத்துக் காப்பீடு செய்த அதே விகிதத்தில் இழப்பீட்டையும் குறைக்கும் விதி) இருக்கும்பட்சத்தில் 30,000 பவுண்டு சேதத்துக்கு 20,000தான் கிடைக்கும். அதிலும் எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு இழப்பீட்டுக் கோரிக்கையிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, கழியும்.

ஆனால் காப்பீட்டுத் தொகையாக வீட்டின் சந்தை விலையை எழுதி வைத்திருந்தால் திருத்துங்கள். அதில் மனை விலையும் சேர்ந்திருக்கும். காப்பீட்டுக்கு வேண்டியது வீட்டைத் திரும்பக் கட்டும் முழுச் செலவுதான். அப்புறம், அதே எக்ஸஸ், அதே பாதுகாப்புள்ள வேறு நிறுவனத்தின் விலையைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய பாலிசி தானாகப் புதுப்பிக்கப்படும் முன் உங்கள் இப்போதைய நிறுவனத்துக்குப் போன் போட்டு பேரம் பேசுங்கள்.