கேபிள் செலக்ட்டாம், மண்ணாங்கட்டி!

பழைய கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்க்கை மாட்டி ஆன் பண்ணினா, திரையில வருது: 'பிரைமரி மாஸ்டர்: நாட் டிடெக்டட்.' கையில பிடிச்சா அதிருது, காதுகிட்ட வெச்சா உர்ருங்குது, ஆனா அப்படி ஒரு ஹார்ட் டிஸ்க்கே இல்லையாம்!

கேபிள் செலக்ட்னு ஜம்பருக்கு (டிரைவோட பின்னால ரெண்டு பின்னை இணைக்கற குட்டி மூடி) ஒரு இடம் கண்டுபிடிச்சானே, அந்தப் புண்ணியவானுக்கு ஒரு பெரிய கும்பிடு. ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ் ரெண்டையும் 'சிஎஸ்'ல, அதாவது கேபிள் செலக்ட்ல போட்டு ஒரே கேபிள்ல மாட்டிட்டா, யாரு மாஸ்டர் (முதல் டிரைவ்), யாரு ஸ்லேவு (ரெண்டாவது டிரைவ்)ங்கறதை கேபிளே பார்த்துக்குமாம். பார்த்துக்கும், அது 80 கம்பி கேபிளா இருந்தா! அதுலதான் நடு கனெக்டருக்கு, யாரு மாஸ்டர்னு சொல்ற 28-வது பின்னோட இணைப்பு போகாது, நடுவுல இருக்கறவன் தன்னை ஸ்லேவ்னு புரிஞ்சுக்குவான். பழைய 40 கம்பி கேபிள் பெரும்பாலும் 28-ஐ ரெண்டு பேருக்குமே கொடுத்துடும். அப்புறம் என்ன, ரெண்டு பேரும் நான்தான் மாஸ்டர்னு நிப்பானுங்க. கனெக்டர் மட்டும் ரெண்டு கேபிளுக்கும் ஒரே அளவு. நல்லா வருவீங்கடா.

சரி, ஜம்பரை மாத்துவோம். எங்க மாத்தணும்ங்கற படத்தை எங்க ஒட்டியிருக்கான்? டிரைவோட முதுகுல. கூண்டுக்குள்ள தள்ளி ரெண்டு பக்கமும் திருகு முடுக்கின பிறகு அந்த முதுகை எவன் பார்க்கறது? எல்லாத்தையும் கழட்டி, எள்ளு மாதிரி இருக்கற அந்த ஜம்பரை ட்வீசரால இழுத்தா, துள்ளி மதர்போர்டுக்கு அடியில போயிடுச்சு. கேபினெட்டைக் கவுத்து உலுக்கினா கடகடன்னு சத்தம் வருது, ஜம்பர் வரல. அப்புறம் மெதுவா, எனக்கு சம்பந்தமே இல்லங்கற மாதிரி ஃபேன் பக்கத்துலேர்ந்து விழுந்துச்சு.

மாஸ்டர்ல போட்டாச்சு. அப்பவும் இல்ல. உடனே எல்லாரும் சொல்ற வைத்தியம்: "சிடி டிரைவைக் கழட்டிட்டு ஹார்ட் டிஸ்க்கை மட்டும் போட்டுப் பாரு." பார்த்தேன். இந்த மாடல்ல 'சிங்கிள்' தனி, 'மாஸ்டர்' தனி! தனியா இருக்கறப்ப மாஸ்டர்ல விட்டா, வராத ஸ்லேவுக்காக அய்யா காத்துக்கிட்டே இருப்பார். கோளாறு எங்கன்னு தேடப் போனா, தேடறதே புதுக் கோளாறு!

இதுல அந்த நாலு பின் பவர் கனெக்டர் இருக்கே... செருகறப்பவும் போகாது, இழுக்கறப்பவும் வராது. வரும்போது விரல் தோலோடதான் வரும்.

ஃபிளாப்பி டிரைவ் லைட்டு வேற அணையாம எரியுது. கேபிளைத் திருப்பிச் செருகினா அப்படித்தானாம். திருப்பிச் செருக முடியாதபடி ஒரு தடுப்பு வெச்சா குடியா முழுகிடும்? இந்தக் காலத்துல ஃபிளாப்பி எதுக்குன்னு மட்டும் யாரும் கேட்டுடாதீங்க, எனக்கே சிரிப்பு வருது.