சபை மலரில் விட்டுப்போன பக்கங்கள்

கடலூர்ப் பக்கத்து லுத்தரன் (மார்ட்டின் லூத்தர் வழிவந்த புராட்டஸ்டண்ட்) சபைகளின் ஆண்டு விழா மலர்கள் கையில் கிடைத்தால் விடாமல் படிப்பேன். பேராயர் வாழ்த்து, ஆயர் வாழ்த்து, விளம்பரங்கள், நடுவில் ரெண்டு பக்கம் சபை வரலாறு. அதில் கப்பலேறி வந்த ஐரோப்பியர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். நம்ம ஆட்கள் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியது எல்லோருக்கும் தெரியும். அவர் முயற்சியால் 1717இல் கடலூரில் பள்ளிக்கூடம் தொடங்கியதும் சிலருக்குத் தெரியும். இதே கடலூரில் பிறந்த ஆறுமுகம் என்ற வேளாளர் வீட்டுப் பிள்ளை, 1718இல் சீகன்பால்கிடம் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியர்களில் முதல் புராட்டஸ்டண்ட் போதகர் நம்மூர்க்காரர்! 1745இல் இறக்கும்வரை மாயவரம் பக்கத்துச் சபைகளுக்காக உழைத்தார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தப் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

ஆரோனைச் சொன்னால் ராஜநாயக்கனையும் சொல்லியாக வேண்டும். தஞ்சாவூர்ப் படையில் இருந்தவர். தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் படித்து லுத்தரன் சபைக்கு வந்து, உபதேசியாராக, அதாவது போதகருக்கு உதவியாக வேதம் சொல்லிக்கொடுப்பவராக, பல அடி உதைகளுக்கு நடுவில் வேலை செய்தவர். ஆனால் 1741இல் அடுத்த குருப்பட்டம் தியோகோ என்ற இன்னொரு உபதேசியாருக்குத்தான் போனது. ராஜநாயக்கன் பறையர். அவர் கையால் மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை (ஆராதனையில் தரும் அப்பமும் திராட்சை ரசமும்) வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். இதை எழுதும்போதே மனசு கனக்கிறது.

அப்புறம் இன்னொன்று. 1717 முதல் இன்றுவரை நேர்கோடு இழுக்கிறோமே, அது சரியில்லை. கடலூரில் கீர்நாண்டர் என்ற மிஷனரி 1740 முதல் பணி செய்தார். 1758இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்ததும் கல்கத்தா போய்விட்டார். அந்தப் பழைய மிஷன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் கைக்கு மாறியது.

இன்றைய ஆற்காடு லுத்தரன் சபையின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது: மேல்பட்டாம்பாக்கத்தில். ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதியை அனுமதிக்கக் கூடாது என்று நின்றார். மிஷன் விட்டுக்கொடுத்துப் போகவே, அதிலிருந்து விலகி மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற மிஷன் நிலையத்தைத் தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்தது. நெல்லிக்குப்பம், திருவண்ணாமலை பள்ளிக்கூடங்கள், திருக்கோவிலூர் ஆஸ்பத்திரி எல்லாம் அந்த டேனிஷ் மிஷன் வழியாக வந்தவைதான்.

சாதி வேண்டாம் என்று பிரிந்து வந்ததிலிருந்து தொடங்கிய சபை நம்முடையது. மலரின் முதல் பக்கத்தில் வரவேண்டிய செய்தி இது. அதை மறைத்துவிட்டு, சபைத் தேர்தலிலும் கல்யாணப் பேச்சிலும் எந்தச் சாதி என்று விசாரிக்கிறோம். பழசைக் கிளறினால் சண்டை வரும் என்கிறார்கள் பெரியவர்கள். எழுதாமல் இருந்ததால் சண்டை குறைந்ததா? ராஜநாயக்கனுக்கு நடந்ததைப் படிக்கிற பிள்ளை, இன்று தன் சபையில் நடப்பதை அடையாளம் கண்டுகொள்ளும். அது நல்லதுதான்.

அடுத்த மலர்க் குழுவில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். செல்லரிக்கிற ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் முதலில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். உபதேசியார்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், வீடு தேடிப் போய்க் கேளுங்கள். தெருத்தெருவாக நடந்து பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பைபிள் அம்மாக்களின் பெயர்களைச் சேகரியுங்கள். இடம் போதாது என்றால் வாழ்த்துச் செய்திகளைக் குறையுங்கள்.